தேனீப் புத்தகம் இருந்த பெட்டி

"சுவர்ல இருக்கிற சுவிட்சப் போட்டீங்களா?" என்று அவள் கேட்டபோது நான் மேசைக்கடியில் மண்டியிட்டு, கைப்பேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, காய்ந்துபோன ஒரு கரப்பான்பூச்சியோடு முகத்துக்கு முகம் இருந்தேன். பதினான்கு மாதங்களுக்குப் பிறகு என் மனைவி என்னிடம் கேட்ட இரண்டாவது கேள்வி அது. முதல் கேள்வி, "அந்தக் கம்ப்யூட்டர் வீட்லதான் இருக்கா, இல்ல வித்துட்டீங்களா?" எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா என்கிற வழக்கமான வரிசை எதுவும் கிடையாது. வீட்டுச் சாமானைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகக் கூவி விற்கிறவனிடம் கேட்பது மாதிரி கேட்டாள். ஆனால் நியாயமாகப் பார்த்தால் அவளைக் குறை சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த ஒரே காரியம் விற்பது. கீல், தாழ்ப்பாள், பூட்டு, கைப்பிடி என்று ஒரு கதவுக்கு மரத்தைத் தவிர என்னென்ன வேண்டுமோ அத்தனையும் என் கடையில் கிடைக்கும். அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூவரும் ஒரே தெருவில் மூன்று கடை போட்டு, ஒருவர் கடையில் படியேறப் போன வாடிக்கையாளரை இன்னொருவர் கைதட்டிக் கூப்பிட்டு வளர்ந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டுக் குழந்தைகள் அம்மா என்று சொன்ன மறுநாளே "கட்டுப்படியாகாது" என்று சொல்லிவிடும்.

"போட்டாச்சு," என்றேன்.

"பெட்டிக்குப் பின்னாடி ஒயர் நல்லா சொருகியிருக்கா?"

பின்பக்கம் கையை விட்டுத் துழாவினேன். தூசி வந்தது, ஒயர் வரவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது. அவள் போன மூன்றாவது மாதம் கரண்ட் குக்கரின் ஒயர் கருகிவிட்டது. கம்ப்யூட்டர் ஒயரின் முனை குக்கரின் ஓட்டையில் கச்சிதமாகப் பொருந்துகிறது என்று கண்டுபிடித்த அன்று நான் என்னை ஒரு விஞ்ஞானி என்றே நினைத்துக்கொண்டேன். அன்று முதல் அது சமையலறையில்தான் இருக்கிறது. "ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் எழுந்து போய், பாதி வெந்துகொண்டிருந்த என் மதியச் சாப்பாட்டிலிருந்து ஒயரைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினேன்.

"குக்கருக்குப் போட்டிருந்தீங்களா?" என்றாள்.

"சேச்சே."

மூக்கு வழியாக ஒரு சின்னச் சத்தம் கேட்டது. நேரில் என்றால் அது சிரிப்பா சலிப்பா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். போனில் அந்தச் சத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு எடை பார்க்க வேண்டியிருந்தது.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு புத்தகம். தேனீ வளர்ப்பவர் ஒருவர் எழுதியது, நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், பக்கத்துக்கு இரண்டு படம், பூக்கும் மாதங்களின் அட்டவணைகள். இந்த வீட்டில், இந்த மேசையில் உட்கார்ந்து இரண்டு வருடம் அவள் அதற்குப் பக்கம் அமைத்தாள். போகும்போது எல்லாவற்றையும் ஒரு சின்ன டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டுதான் போனாள்; இப்போது அந்த டிஸ்க் திறக்க மாட்டேன் என்கிறதாம். இப்போது அவள் வேலை பார்க்கும் அச்சகத்தில் மறுபதிப்புக்கு எல்லாம் தயார், நாளைக் காலையில் அச்சுக்குப் பிளேட் போட வேண்டும், எழுதிய பெரியவரிடமும் கம்ப்யூட்டர் பிரதி இல்லை. உலகத்திலேயே அந்தப் புத்தகம் இப்போது என் முன்னறையின் மூலையில், என் இரண்டு அழுக்குச் சட்டைகளுக்கும் ஒரு டஜன் கீல் மாதிரிகளுக்கும் அடியில் இருந்த இரும்புப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது. பதினான்கு மாதமாக அந்தப் பெட்டியை நான் ஒரு தடவைகூட ஓடவிட்டதில்லை. ஓடவிட்டு நான் என்ன செய்யப் போகிறேன், தேனீயா வளர்க்கப் போகிறேன்?

ஒயரைச் சொருகினேன். பின்பக்கம் ஒரு குட்டிச் சுவிட்ச் இருக்கும், அதில் கோடு போட்ட பக்கம் அமுங்கியிருக்க வேண்டும் என்றாள், அமுக்கினேன். முன்பக்கத்துப் பட்டனை அழுத்தச் சொன்னாள், அழுத்தினேன். பெட்டி அசையவில்லை.

"லைட்டு ஏதாவது?"

"இல்ல."

"உள்ள ஃபேன் சுத்துற சத்தம்?"

"கேக்கல. பக்கத்து மாடியில துணி தொவைக்கிற சத்தம்தான் கேக்குது."

"அதுக்கு வேற ஆளக் கூப்பிடுங்க," என்றாள். பிறகு, கடைக்காரன் ஒவ்வொரு பெட்டியாக இறக்கிக் காட்டுவது போலப் பொறுமையாகச் சொன்னாள். ஒயரைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிய பிறகு முன்பக்கத்துப் பட்டனை முப்பது விநாடி விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே தங்கியிருக்கும் மிச்ச மின்சாரமெல்லாம் வடிந்துவிடும். அழுத்தினேன். அவள் பக்கம் ஓர் அச்சு இயந்திரம் தடக் தடக்கென்று தாளை விழுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் அவள் மூச்சு கேட்டது. அவளுக்கு இடது மூக்கு எப்போதும் லேசாக அடைத்திருக்கும், இப்போதும் அடைத்திருந்தது. நான் நாற்பது வரைக்கும் எண்ணினேன்.

"முப்பதுன்னு சொன்னேன்," என்றாள்.

"கொசுறு."

அதற்கும் பெட்டி மசியவில்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றச் சொன்னாள். அது நம்முடைய தொழில். இரண்டு திருகாணியும் என் கைக்குப் பயந்தே கழன்று வந்தன. உள்ளே இவ்வளவு தூசி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஏதோ ஒரு பிராணி சுருண்டு தூங்குவது போல மென்மையாக, சாம்பல் நிறத்தில். பிரஷ்ஷால் தட்டினேன். மேசை இழுப்பறையில் ரப்பர் இருக்கும், ரேம் என்கிற மெல்லிய அட்டையைக் கழற்றி அதன் பொன்னிறப் பல்வரிசையை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மறுபடி சொருகச் சொன்னாள். இருபுறமும் 'டக்' என்று சத்தம் வர வேண்டும். "தாழ்ப்பாள் மாதிரிதான்," என்றேன். "ஆமா, தாழ்ப்பாள் மாதிரிதான்," என்றாள். எங்கள் இருவருக்கும் ஒரே வாக்கியம் வாய்த்தது எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று யோசித்துக்கொண்டே பட்டனை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"இது ஓடலன்னா நானேதான் வரணும்," என்றாள், எனக்கா தனக்கா என்று தெரியாத குரலில். "ஹார்ட் டிஸ்க்கக் கழட்டி எடுத்துட்டு வரணும். ஒரு மணி பஸ்ஸப் புடிச்சா நாலு மணிக்கு அங்க. ஆறு மணி பஸ்ஸுல திரும்பிடலாம்."

நான் ரேமின் தாழ்ப்பாளைப் பிடித்தபடி அப்படியே இருந்தேன்.

"கடைசியா ஒண்ணு பாத்துடலாம்," என்றாள். முன்பக்கத்துப் பட்டன்தான் கெட்டுப்போயிருக்கலாம். அதிலிருந்து ஒரு மெல்லிய இரட்டை ஒயர் உள்ளே வரும், பலகையின் கீழ் மூலையில் இரண்டு ஊசிகளில் மாட்டியிருக்கும். அதைக் கழற்றிவிட்டு, இரண்டு ஊசிகளையும் ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரே ஒரு நொடி சேர்த்துத் தொட வேண்டும்.

"ஷாக் அடிக்குமா?"

"அடிக்காது. அடிச்சா ஒரு வார்த்தை சொல்லுங்க, போன வச்சுடறேன்." பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "பண்ணிப் பாருங்க. ஓடிடுச்சுன்னா அந்தப் புத்தகத்த மட்டும் பென் டிரைவ்ல ஏத்தி எங்கயாவது குடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்க, வேலை முடிஞ்சுது. பத்து நிமிஷத்துல கூப்பிடறேன்."

தொட்டேன். உள்ளே இருந்த ஃபேன் முதலில் தயங்கி, பிறகு தூசியைக் காறித் துப்பிவிட்டுச் சுழன்றது. ஒரு பச்சை விளக்கு எரிந்தது. மேசைமேல் சட்டையை மாட்டிவைத்திருந்த மானிட்டரில், சட்டைத் துணிக்குள்ளிருந்து வெளிச்சம் வந்தது. சட்டையை எடுத்துக் கீழே போட்டேன்.

அவள் எதையும் வரிசையாக வைப்பவள். திரையிலும் அப்படித்தான், இடதுபுறம் நூல் பிடித்தாற்போல மூன்று வரிசை. தேனீப் புத்தகம் மட்டும் நான்கு இடத்தில் இருந்தது: 'தேனீ கடைசி', 'தேனீ கடைசித் திருத்தம்', 'தேனீ இதுதான் கடைசி', 'தேனீ சத்தியமாகக் கடைசி'. அந்தப் பெரியவர் அவளை எவ்வளவு படுத்தியிருப்பார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரே வீட்டில், பத்தடி தள்ளி உட்கார்ந்து நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த இரண்டு வருடத்தில் தெரியவில்லை. இழுப்பறையில் பென் டிரைவ் இருந்தது. சத்தியமாகக் கடைசியை அதில் இழுத்துப் போட்டேன். ஒரு பச்சைக் கோடு ஊர்ந்து போய் நிரம்பியது. பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான். தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனால் ஐந்து நிமிடத்தில் அவளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நாளைக் காலை பிளேட். அதன் பிறகு அவள் எனக்குப் போன் செய்ய உலகத்தில் ஒரு காரணமும் மிச்சமிருக்காது.

அவள் போன கதையை நான் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். அந்த அச்சகத்தில் பக்க அமைப்புப் பிரிவுக்கே அவளைப் பொறுப்பாகக் கூப்பிட்டார்கள். இரண்டு பேருமே அங்கே போய்விடலாம், பூட்டு விற்க எந்த ஊரிலும் கதவு இருக்கிறது என்றாள். நான் "போகணும்னா நீ போ," என்றேன். நிஜமாகப் போகச் சொல்லவில்லை. அது ஆரம்ப விலை. யாருமே ஆரம்ப விலையை எடுத்துக்கொண்டு போவதில்லை. அவள் எழுந்து புடவைகளை மடிக்க ஆரம்பித்தாள். அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக, மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். எங்கள் தெருவில் இதற்கு ஒரு பாடம் உண்டு: பேரத்தின் நடுவில் எழுந்து மெதுவாகப் படியிறங்குகிறவன் கூப்பிடச் சொல்கிறான் என்று அர்த்தம், ஆனால் படியில் கால் வைத்ததும் கூப்பிட்டால் நீ தோற்றாய், மூன்றாவது கடையைத் தாண்டட்டும், திரும்பிப் பார்ப்பான், அப்போது கூப்பிடு. நான் நாற்காலியை விட்டு எழவில்லை. இரண்டு பையையும் வாசலில் வைத்துவிட்டு அவள் செருப்பின் வாரை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். நான் செய்தித்தாளின் நாலாம் பக்கத்தைத் திருப்பினேன். ஆட்டோ வந்தது. எத்தனையோ பேரை நான் மூன்றாவது கடையிலிருந்து திரும்ப வரவழைத்தவன். வாசலுக்கு வந்து பார்த்தபோது தெருவில் கடையும் இல்லை, ஆட்டோவும் இல்லை.

போன் அடித்தது.

"என்ன ஆச்சு?"

திரை எனக்கு எதிரே ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஃபேன் சத்தம் அவளுக்குக் கேட்காமலிருக்கப் போனோடு சமையலறைக்குப் போனேன்.

"இல்ல," என்றேன். "ம்ஹும், இல்லம்மா. இல்லவே இல்ல."

அந்தப் பக்கம் இயந்திரம் தாளை விழுங்கிக்கொண்டிருந்தது. ஏழு தாளோ எட்டுத் தாளோ போயிருக்கும்.

"சரி," என்றாள். "வரேன்."

பெட்டியை அணைத்துவிட்டு, திருகாணிகளைப் பழையபடி முடுக்கிவிட்டு, வீட்டை ஒரு தடவை சுற்றிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. ஒரு மனிதன் தனியாக இருந்தால் வீடு அவனுக்குத் தேவையான அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. நான்கு அறை இருந்தும் நான் கட்டிலின் ஒரு பாதியிலும், சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையிலும், குளியலறையிலும்தான் குடியிருந்திருக்கிறேன். மிச்சமெல்லாம் குடோன். பூட்டு அட்டைப்பெட்டிகள் படுக்கையறைச் சன்னல் வரை எட்டியிருந்தன. அவள் தலையணையின் மேல் மாதிரிக் கைப்பிடிகள் இருந்தன, பித்தளையில் ஆறு, ஸ்டீலில் நான்கு. துடைத்தேன், கூட்டினேன், அள்ளினேன். குக்கரில் பாதி வெந்தது கல்லாகியிருந்தது. நடுவில் பக்கத்துக் கடை பெயிண்ட்காரன் போன் செய்தான். முப்பது வருடமாக ஒரே சுவரின் இரண்டு பக்கத்திலும் கடை வைத்திருக்கிறோம்.

"என்னய்யா, ஷட்டர் பூட்டியே கெடக்கு? உயிரோட இருக்கியா, இல்ல நான் மாலைக்குச் சொல்லட்டுமா?"

"வீட்ல வேலை இருக்குய்யா."

"உனக்கு வீட்ல என்ன வேலை? அது நீ படுக்குற குடோன்தான?"

"அவ வர்றா."

பெயிண்ட் டப்பாவைக் குலுக்கும் இயந்திரம் கடகடத்தது. "நெஜமாவா?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இத பாரு. உன் வாயப் பத்தி எனக்குத் தெரியும். வந்தவகிட்ட பேரம் கீரம் ஆரம்பிக்காத. என்ன கேக்குறாளோ குடுத்துடு."

"அவ கேக்குறது ஹார்ட் டிஸ்க்குதான்யா."

"அப்போ அதையே சிரிச்ச மொகமா குடு," என்று வைத்துவிட்டான்.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு அழைப்பு மணி அடித்தது. சாவி அவளிடம் இருக்கிறது. ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிற நான் என் வீட்டுப் பூட்டை மாற்றவில்லை. அது அவளுக்கும் தெரிந்திருக்கும். இருந்தும் மணி அடித்தாள், விருந்தாளி மாதிரி, ஒரே தடவை. கதவைத் திறந்தேன். புதுக் கண்ணாடி போட்டிருந்தாள். தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். தோளில் ஒரு பை; அது ராத் தங்குகிற அளவுப் பை இல்லை என்பதைத்தான் என் கண் முதலில் அளந்தது.

"இளைச்சுட்டீங்க," என்றாள்.

"பழைய ஸ்டாக்," என்றேன். "டீ போடட்டா?"

"குக்கர் ஒயர் இல்லாம முடியும்னா போடுங்க."

அடுப்பில் பாலை வைத்துவிட்டு அங்கிருந்தே பார்த்தேன். முன்பக்கத்துப் பட்டனை அவள் தொடக்கூட இல்லை. நேராகப் பெட்டியைத் திருப்பி, திருகாணிகளைக் கழற்றினாள். இரண்டாவதைக் கழற்றக் கொஞ்சம் சிரமப்பட்டாள். ஓடாத பெட்டி என்று நம்புகிறவன், இனி யாரும் திறக்க மாட்டார்கள் என்பது போல இப்படி முடுக்கி வைப்பானா என்று எனக்கே தோன்றியது. பையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, குனிந்து, இரண்டு ஊசிகளையும் தொட்டாள். ஃபேன் உடனே சுழன்றது. தயக்கமில்லை, தூசியுமில்லை.

"அடடே!" என்றேன் டீயோடு வந்து. "உன் கை பட்டாதான் ஓடுவேன்னு அடம் புடிச்சிருக்கு பாரேன்."

"அந்த ஆச்சரியத்த எல்லாம் கடையில வச்சுக்குங்க," என்றாள், திரும்பாமலே. திரையில் அவளுடைய மூன்று வரிசைகளும் வந்து நின்றன. இடது கையை என் பக்கம் நீட்டினாள். "பென் டிரைவ் ஒண்ணு இருந்துச்சே, குடுங்க."

ஐம்பத்தாறு வயதில், நாற்பது வருடக் கடைக்காரன், வாடிக்கையாளர் கை நீட்டினால் பொருளை எடுத்து வைத்தே பழகியவன். சட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் எதை வைத்தேன் என்று உறைத்தது. அதற்குள் அவள் சொருகிவிட்டாள். திரையில் ஒரு கட்டம் திறந்தது. அதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 'தேனீ சத்தியமாகக் கடைசி'.

டீயின் மேல் ஆடை கட்ட ஆரம்பிக்கும் வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இது வந்து..." என்றேன்.

"காலையிலயே தெரியும்," என்றாள். டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "உங்க கடையில சாயங்கால நேரத்துல எத்தனை வருஷம் உக்காந்திருக்கேன். சரக்கு நெஜமாவே இல்லன்னா நீங்க ஒரு தடவதான் இல்லம்பீங்க. அடுத்த வார்த்தை, எந்தக் கடையில கெடைக்கும்னு சொல்லுவீங்க. உள்ள வச்சுக்கிட்டு இல்லங்கும்போதுதான் மூணு தடவ சொல்லுவீங்க."

எனக்கு வெட்கப்படத் தோன்றவில்லை. மனது வேறொரு கணக்கில் இறங்கிவிட்டது. காலையிலேயே தெரியும். தெரிந்தும் பஸ் ஏறினாள். ஜெராக்ஸ் கடைக்குப் போய் அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தையில் என்னை மடக்கியிருக்கலாம்; மடக்கவில்லை. மூன்று மணி நேரம் சன்னலோரம் உட்கார்ந்து வந்திருக்கிறாள். எதற்காக என்று கேட்டால் போதும். ஐந்து எழுத்துக் கேள்வி. ஆனால் எங்கள் குடும்பத்தில் யாரும் நேராகக் கேட்டதில்லை. நாங்கள் மாம்பழம் வாங்கப் போனாலும் முதலில் புளியின் விலையைத்தான் விசாரிப்போம்.

"அங்க வீடெல்லாம் எப்படி? காத்தோட்டமா இருக்கா?" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். புதுக் கண்ணாடியில் நான் இரண்டு தடவை தெரிந்தேன். "இருக்கு," என்றாள். பிறகு திரையின் பக்கம் திரும்பி, எல்லாவற்றையும் மூடி, பெட்டியை அணைத்தாள். "இதையும் எடுத்துட்டுப் போயிடறேன். பழைய புத்தகமெல்லாம் இதுலதான இருக்கு. ஒவ்வொரு தடவையும் உங்களத் தொந்தரவு பண்ண வேணாம்ல."

அடுப்பில் ஏதோ தீய்ந்தது போல இருந்தது. அடுப்பு அணைந்துதான் இருந்தது. ஓடுகிறது என்று காலையில் உண்மையைச் சொல்லியிருந்தால் பெட்டி இங்கேயே இருந்திருக்கும். அடுத்த மறுபதிப்புக்கு இன்னொரு போன் வந்திருக்கும், அதற்கடுத்ததற்கு இன்னொன்று. மூன்று தடவை இல்லை என்று சொல்லி, இருந்ததையும் கிளப்பிவிட்டேன்.

"கனமா இருக்குமே. பஸ்ஸுல எப்படி? அடுத்த வாரம் நானே ஆள் வச்சு அனுப்பிடறேன்."

"அனுப்புவீங்களா?"

அனுப்புவேன் என்று சொல்லாமல், அட்டைப்பெட்டி தேட எழுந்தேன். எங்களுக்குள் அந்த அளவு நாணயம் இன்னும் இருந்தது.

பெட்டியைப் படுக்கையறைக்குத் தூக்கிப்போய், கட்டுவதற்கு நேரம் எடுத்துக்கொண்டேன். கதவு மூடும் கருவிகள் வந்த அட்டைப்பெட்டி ஒன்று அளவுக்குச் சரியாக இருந்தது. அடியில் இரண்டு அடுக்கு ஸ்பாஞ்சு, நாலு மூலைக்கும் மடித்த அட்டை, இடைவெளியில் செய்தித்தாள். நைலான் கயிறு குறுக்கும் நெடுக்கும். பிறகு அதுவும் போதாதென்று, தூக்குவதற்கு வசதியாக ஸ்டீல் கைப்பிடி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வாஷர் வைத்து அட்டையிலேயே முடுக்கினேன்.

"பஸ்ல போகப் போகுதா, கப்பல்லயா?" என்றாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், அவளுடைய பக்கத்தில். தலையணையை ஒரு தடவை தட்டிவிட்டாள். நேரமாச்சு என்று சொல்லவில்லை. நான்தான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து முடிச்சுப் போட்டேன். முடிச்சுப் போட இன்னும் கயிறு மிச்சமிருக்கும்போது ஐந்தரை ஆகிவிட்டது.

பேருந்து நிலையம் வரை பெட்டியை நான் தூக்கி வந்தேன். அவள் என் இடதுபுறம், ஒரு முழம் தள்ளி நடந்தாள். வழியில் என் கடை. பெயிண்ட்காரன் வாசலில் நின்று பார்த்தான், வாயைத் திறந்தான், என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டு உள்ளே போனான். அவ்வளவு தூரத்தில் நான் அவளிடம் சொன்னவை: இந்த இடத்தில் பள்ளம் இருக்கிறது, அந்த ஓட்டலை மூடிவிட்டார்கள், ஒயரை உள்ளேயே வைத்திருக்கிறேன். அவள் சொன்னது: "குக்கருக்கு?" நான், "வேற வாங்கிக்கிறேன்," என்றேன்.

பஸ் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. இரண்டு பேர் உட்காரும் இருக்கை ஒன்று நடுவில் காலியாக இருந்தது. அவள் சன்னலோரம் உட்கார்ந்தாள். பெட்டியை அவள் பக்கத்து இருக்கையில் வைத்து, சாய்ந்துவிடாமல் கைப்பிடியை இருக்கையின் முதுகுப்பக்கம் திருப்பி வைத்தேன். வைத்த பிறகும் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் இறங்க வேண்டும்.

கண்டக்டர் பின்னாலிருந்து வந்தார். "அது என்ன பொட்டி? மேல தூக்கிப் போடுங்க."

"மேல போட்டா உள்ள உடைஞ்சுடும்ங்க."

"அப்போ மனுஷங்க எங்க உக்காருவாங்க? பொட்டிக்கெல்லாம் சீட்டு கெடையாது சார். ஏத்திவிட வந்தவங்க எறங்குங்க, வண்டி எடுக்கப் போறோம்."

இது பேசித் தீர்க்கக்கூடிய விஷயம்தான். ஒரு கண்டக்டரைப் பேச்சில் மடக்க எனக்கு இரண்டு நிமிடம் போதும். பெட்டிக்குச் சன்னலோர இருக்கையே வாங்கித் தந்திருப்பேன். வாயைத் திறந்தேன். அவளைப் பார்த்தேன். "நான்..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. விலை சொல்லத் தெரியாத ஒரு பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அவள் கயிற்றைப் பிடித்தாள். நான் உதவுவதற்குள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, ஒரு முக்கு முக்கி, தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அது அவள் மார்பு வரை வந்தது. அதன் மேல் இரண்டு கைகளையும் கோத்து வைத்தாள். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டிரைவர் வண்டியை உயிர்ப்பித்தார். தரை அதிர்ந்தது. காலி இருக்கையின் ரெக்சின் மேல் பெட்டியின் நாலு மூலையும் அழுத்திய பள்ளங்கள் இருந்தன. அவை ஒவ்வொன்றாக, மெல்ல மேலெழுந்து நிரம்பிக்கொண்டிருந்தன. அப்போதுதான் ஏறிய ஒரு பெரியவர், கையில் பையோடு, எனக்குப் பின்னால் வந்து நின்றார். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து அவளிடம் கேட்டார்:

"இங்க ஆள் வருதாம்மா?"

அவள் சன்னலிலிருந்து திரும்பினாள். பெரியவரைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த பெட்டிக்கு மேலாக, கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, என்னைத்தான் பார்த்தாள். பள்ளங்களில் கடைசி ஒன்று மட்டும் இன்னும் நிரம்பாமல் இருந்தது.